இடது முன் சக்கரத்தில் காற்று நிற்கவில்லை

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவின் உடம்பு போன மாதம் எப்படியோ அப்படியே இருக்கிறது, தேறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீரை ஒரு வாயை ஒன்பது வாயாக்கிக் குடிக்கிறார். அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். என்னைப் பற்றி எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். போனில் நீ "எப்படிம்மா இருக்கே" என்று கேட்டதும் என் வாய் தானாக "எனக்கென்னடா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது. ஐந்து வாரமாக இப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் கை பொய் சொல்லாது என்று நினைக்கிறேன், பார்ப்போம். உட்கார்ந்து நிதானமாகப் படி. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காதே.

நம் காரின் இடது முன் சக்கரத்தில் காற்று இறங்க ஆரம்பித்ததில்தான் எல்லாம் வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகக் கிளம்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பெட்ரோல் பங்கில் பார்த்தால் முப்பத்திரண்டு இருக்க வேண்டிய காற்று பதினெட்டுதான் இருந்தது. பிடித்துக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் இருபது. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் போயே ஆக வேண்டும், நான்கு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வரும் மனுஷனை நடுவழியில் இறக்கி நிற்க வைக்க முடியுமா? அதனால் கிளம்பும் நாளெல்லாம் முதலில் பங்க், அப்புறம் ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது. பங்கில் காற்று பிடிப்பவர் என்னைப் பார்த்ததும் குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். "அம்மா, உங்க டயருக்கு நான்தான் மூச்சு விடுறேன்" என்று ஒருநாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பஞ்சர் கடைக்காரரிடம் இரண்டு தடவை போனேன். முதல் தடவை டயரைத் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஆணியும் இல்லை, கண்ணாடிச் சில்லும் இல்லை. வால்வில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வால்வை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மறுபடி பதினெட்டு. இரண்டாம் தடவை டயரை முழுசாகக் கழற்றி வெறும் ரிம்மைச் சுழல விட்டுக் குனிந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், உள்பக்க விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு மடங்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று கசிந்திருக்கிறது. "எங்கேயோ நல்லா ஏறி எறங்கியிருக்கீங்க, இது பள்ளத்துல விழுந்த அடி இல்லம்மா" என்றார். நான் எங்கும் ஏற்றவில்லை என்றேன். "அப்போ நீங்க ஓட்டாதப்ப வேற யாரோ ஓட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

வேறு யார்? முந்தைய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் வண்டியை வாங்கிப் போயிருந்தார். நான் நேராக அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே கேட்டேன். கேட்டேன் என்ன, இடித்துவிட்டு மறைத்தீர்கள் என்றே சொல்லிவிட்டேன். அவர் "சத்தியமா இல்ல அத்தை, எடுத்த மாதிரியேதான் கொண்டுவந்து விட்டேன்" என்றார். நான் நம்பவில்லை. உன் அக்கா அழுதாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மாப்பிள்ளையாக வந்த பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் கொட்டிய சொல்லை அள்ள முடியுமா?

அன்று மத்தியானம் வீட்டில் அப்பாதான் மெதுவாக ஆரம்பித்தார். "டயர் எறங்குறதுக்கு முந்தின வியாழக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போக வந்தியே, அன்னைக்குப் பின் சீட்ல இருந்த என் பை, தண்ணி பாட்டில், ஃபைல் எல்லாம் கீழ கொட்டிக் கிடந்தது. கேக்கலாம்னு பார்த்தேன், நீ என்னவோ மாதிரி இருந்தே, விட்டுட்டேன்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஒன்றிரண்டு தடவை அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேனாம், கோபமாக இருக்கிறேன் போல என்று அவர் வாயை மூடிக்கொண்டாராம். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர் வேறு என்னதான் நினைப்பார்? எனக்கோ அந்த வியாழக்கிழமை மருந்துக் கடையில் பில் வாங்கியது ஞாபகம் இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் வந்த வழி இல்லை. சாயங்காலம் நாக்கின் ஓரம் கடிபட்டு எரிந்தது மட்டும் ஞாபகம் வந்தது.

மறுநாள் மருந்துக் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனேன். பாதி தூரத்தில் தெரு வளையும் இடத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நடைபாதையின் ஓரக்கல் புதிதாக உடைந்திருந்தது. கல்லின் மேல் டயர் தேய்ந்த கறுப்பு. அதை ஒட்டி மாற்றுச் சாவி செய்து கொடுக்கும் ஒரு இரும்பு மேஜை, அதன் ஒரு கால் வளைந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உன் அக்கா வயசுதான் இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டாள். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டி, இதைப் போல ஒன்று வேண்டும் என்றேன். "ரெண்டு நாள் ஆகும்மா, எனக்குச் செய்யத் தெரியாது, வாங்கி வச்சு வெளியில குடுத்துத்தான் செய்றேன், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கார்" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரு கார் ஏறி மேஜையைத் தள்ளி, மெஷினோடு மேஜை அவர் கால்மேல் விழுந்துவிட்டதாம். நாலாம் நாள் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். எல்லோரும் அவரைத் தூக்குவதில் இருந்ததால் யாரும் நம்பர் பார்க்கவில்லையாம். "ஒரு பொம்பளதான் ஓட்டிட்டு வந்தாங்களாம். அவர் மூஞ்சிய நேரா பார்த்துக்கிட்டே ஏத்தினாங்களாம், பார்த்துக்கிட்டே திருப்பிக்கிட்டுப் போனாங்களாம். கால் போனதைவிட அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுறார்" என்றாள். நான் சாவியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனிமேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். வந்தவுடன் நான் போலீசுக்குப் போகவில்லை. இரண்டு நாள் போகவில்லை. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, "ரிம்மை மாத்திட்டு சும்மா இரும்மா, யாருக்கும் தெரியாது, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே, அப்பாவை யார் பார்ப்பா" என்றாள். அவளைத் திட்டாதே. அவள் சொன்னதை நான் முதலில் எனக்கே சொல்லிப் பார்த்திருந்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் பங்கில் காற்று பிடித்து, உன் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நானே ஓட்டிக்கொண்டு போனேன். அந்த வளைவு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன், அவ்வளவுதான் என் மனசாட்சி. போகிற வழியெல்லாம் ஒவ்வொரு நிமிஷமும் நான் இருக்கிறேனா இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. அப்பா என்ன என்று கேட்டார். அங்கேயே, வண்டிக்குள்ளேயே சொன்னேன். மெஷினிலிருந்து வந்த சோர்வில் அவருக்குக் குரலே எழும்பவில்லை. "கொஞ்சம் படுத்து எழுந்திருக்கிறேன், நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகலாம், ஆட்டோவுல" என்றார்.

ஸ்டேஷனில் இருந்த பெண் அதிகாரி நான் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். லைசென்ஸைக் கொடுத்தேன். வண்டியை அவர்கள் எடுத்துப் போய் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கையெழுத்துப் போடப் போனபோது ஒரு போலீஸ்காரர் அக்கறையாக, "மேடம், உங்க வண்டியில ஒரு டயர் தரையோட உக்காந்துடுச்சு, ஆணி கீணி ஏறியிருக்கும், பாருங்க" என்றார். நரம்பு டாக்டர் தலையெல்லாம் ஒயரை ஒட்டிப் பரிசோதித்துவிட்டு, இதுவும் ஒரு வகை வலிப்புதான், விழ மாட்டீர்கள், நுரை தள்ளாது என்றார். "கண்ணு திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கும், ஆனா நீங்க இருக்க மாட்டீங்க, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்" என்றார். காலையும் இரவும் மாத்திரை. இனி ஓட்டக் கூடாது.

அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அதிகாரி அவர் மனைவியிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கூட்டிப் போனாள். வார்டு வாசலிலேயே அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுவிட்டாள். "சாவி போட வந்தவங்கதானே? அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். அவள் முந்தானையின் முடிச்சை அவிழ்த்து என் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள், அந்தச் சாவி சூடாக இருந்தது. உள்ளே அவர் என்னைப் பார்த்ததும் "இவங்கதான்" என்றார். நான் வலிப்பைப் பற்றிச் சொன்னேன், டாக்டர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க என்னைப் பார்க்கவே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். நான் கேட்க வந்த மன்னிப்பை விட அது அவருக்கு ஏதோ ஆறுதலாக இருக்கும் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பார்த்துட்டுப் போனாங்கன்னு நினைச்சுத் திட்டிக்கிட்டாவது கெடந்தேன். இனிமே யாரைத் திட்டுறது, நீங்க போங்கம்மா" என்றார்.

இப்போது அப்பாவை ஆஸ்பத்திரி வேனில் கூட்டிப் போகிறேன், அது மூன்று பேர் வீட்டைச் சுற்றிவிட்டு வருவதால் ஆறு மணிக்கே தயாராக இருக்க வேண்டும். அக்கா பேசுவதில்லை, அத்தான்தான் தினம் வந்து அப்பாவுக்கு வேண்டியதைப் பார்க்கிறார். உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வராதே. வக்கீல் தெம்பாக இருக்கிறார். "தெரியாம வந்த வியாதி, உங்க மேல தப்பே இல்லைன்னு நிரூபிச்சுடலாம்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும், சின்னவனே. விபத்துக்கு மூன்று மாதம் முன்னால் வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று "மேடம், மேடம்" என்று கூப்பிடுவது. என் பேனாக் கோடு காகிதத்தைத் தாண்டி மேஜை மேலேயே ஓடியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள் நான், இது என்ன, யாரிடம் போக வேண்டும், என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? வெளியே வந்து பத்து நிமிஷம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் போனால் சாவியை வாங்கி வைத்துவிடுவார், செவ்வாய், வியாழன், சனி அப்பாவை யார் கூட்டிப் போவது என்று யோசித்தேன். கையோடு எடுத்து வந்திருந்த படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்தப் பத்து நிமிஷமும் நான் முழுசாக இருந்தேன். கண்ணும் திறந்திருந்தது, நானும் இருந்தேன்.

இதை இன்னும் வக்கீலுக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்காகத்தான் என்று அவர் காதில் விழுந்தால் மெஷினுக்கே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார், அதனால் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வரும் இருபதாம் தேதி விசாரணை. அங்கே சொல்லத்தான் போகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும். அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடக் கூடாது என்றுதான் உனக்கு எழுதி வைக்கிறேன். எழுதி அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாதே.

மருமகளுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது, தள்ளிப் போடாமல் பார்க்கச் சொல். உனக்கும் அப்படித்தான், உடம்பில் எது வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டு. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் முகம் மறைக்க வேண்டியது வராமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே. சொந்தக்காரர்கள் யாராவது உனக்குப் போன் செய்து விசாரித்தால், என் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா