தவளையும் தூங்குமூஞ்சியும்

என்னங்க, உங்களைத்தான்!

கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்க்கிற வழக்கம் உங்களுக்கு என்றைக்குமே கிடையாது. எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு "ம்" என்பீர்கள். அந்த "ம்" வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். சிட்லபாக்கத்தில் நம் தெருவில் தனி வீடு என்று மிச்சமிருந்ததே நம்முடையதுதான். உங்கள் தம்பியும் நானும் பேசி, புரமோட்டரிடம் கொடுத்துவிட்டோம். வீடு போவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மழைக்கு ஒழுகுகிற மொட்டை மாடியோடு எத்தனை வருஷம்தான் மல்லுக்கட்டுவது? சிக்கல் வேறு. நம் பங்குக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். நீங்கள் விட்டுப்போனதோ இரண்டு.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது? இதை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இந்த நேரம் பார்த்து, உங்கள் பழைய கார் நண்பர்கள் மலர் ஒன்று போடுகிறார்களாம். "மேடம், சாரோட ரெண்டு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரையும் ஒப்பிட்டு எழுதுங்க. ஓட்ட எது நல்லது, வச்சுக்க எது நல்லது?" என்று கேட்டார்கள். எனக்கு உங்களிடம் பேசித்தான் பழக்கம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன், அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இரண்டும் ஒரே ஜெர்மன் கம்பெனி வண்டிகள். அந்தக் கம்பெனி பெயரை நம் வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில்லை. நீங்கள் ஒரு விதம், நம் பெண் நித்யா ஒரு விதம், பம்மல் பட்டறை கரீம் பாய் மூன்றாவது விதம். சண்டை வேண்டாம் என்று நான்தான் பெயர் வைத்தேன். உருண்டைக் கண்ணோடு முழிக்கிறது தவளை. விளக்கைப் போட்டால் மட்டும் இமையைத் தூக்கி, அணைத்தால் மூடிக்கொள்கிறது தூங்குமூஞ்சி.

தவளையை உங்கள் ஃபேக்டரியின் ஜெர்மன் மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது உங்களிடம் விற்றுவிட்டுப் போனார். எஞ்சின் பின்னால். ஸ்டீரிங் இடது பக்கம். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிர்ந்துகொள்கிற வண்டி. ஒரு கோடையில் நம் தெருவே குடத்தோடு நின்றபோது கரீம் பாய் சொன்னது ஞாபகமிருக்கிறதா? "இன்னா சார், ஊரே தண்ணி லாரிக்கு நின்னுகினு கீது. இந்த வண்டி ஒரு சொட்டு தண்ணி கேக்குதா பாரு. இதான் சார் மெட்ராஸ் வண்டி!" அதைக் கேட்டு நீங்கள் நெஞ்சை நிமிர்த்தியதைப் பார்க்க வேண்டுமே, ஏதோ நீங்களே பெற்றெடுத்த மாதிரி.

தூங்குமூஞ்சி கிழக்குத் தாம்பரத்து டாக்டர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து, நீங்கள் அவரிடம் வாங்கியது. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், கனம் இரண்டு பக்கமும் சமம். ஸ்டீரிங் நம் ஊர்ப் பழக்கப்படி வலது பக்கம்.

ஓட்டுவதைப் பற்றி முதலில். தவளையைக் கோவளம் சாலையில் விடிகாலையில் விரட்டினால், முதுகுக்குப் பின்னால் நூறு தையல் மெஷினை ஒரே நேரத்தில் மிதிக்கிற சத்தம் வரும். உங்கள் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வரும், நம் கல்யாண ஆல்பத்தில்கூட அது இல்லை. ஆனால் கனமெல்லாம் பின்னால் இருப்பதால், வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். "உள்ளே நுழைஞ்சாச்சுன்னா யோசிக்கக் கூடாது வசந்தா" என்பீர்கள். வண்டியைச் சொல்கிறீர்களா, கல்யாணத்தைச் சொல்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

தூங்குமூஞ்சி அப்படி மிரட்டாது. திருப்பினால் திரும்பும், பிடித்தால் நிற்கும். வளைவில் பயந்துபோனாலும் மன்னித்துவிடும். "இது டீச்சர் வண்டி, தப்பே பண்ணாது" என்று உதட்டைச் சுழிப்பீர்கள். நான் கணக்கு டீச்சர். நீங்கள் யாரைக் குத்திக் காட்டினீர்கள் என்று எனக்குப் புரியாதா என்ன?

இனி, வைத்துக்கொள்வது. தவளைக்கு ஆயில் பார்ப்பதே ஒரு பூஜை. எஞ்சின் சூடாகி, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். நம் தெருவில் சமதளத்துக்கு எங்கே போவது? ஏசி என்று ஒன்று இருந்தது, பெயருக்கு. மே மாதத்தில் அந்தக் கறுப்புத் தோல் சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்தான். எஞ்சின் சிணுங்கினாலும் அபூர்வமாகத்தான் படுக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

தூங்குமூஞ்சிக்கு எஞ்சின் பெல்ட்டைக் காலாகாலத்தில் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் எஞ்சினே போச்சு. விளக்கு மோட்டாரும் அவ்வப்போது சண்டித்தனம் செய்யும். தாம்பரம் சிக்னலில் ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி நின்றோமே! டிராஃபிக் போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "இன்னா சார், வண்டி கண்ணட்ச்சிகினு கீது?" என்றார். ஆனால் பின்கண்ணாடியைத் தூக்கினால் மாதச் சாமான் மொத்தமும் உள்ளே போகும். தவளையில் முன்னால் ஒரு சின்னக் குழி. அதில் ஒரு முருங்கைக்காய்க் கட்டைக்கூட மடக்கித்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவும் நீங்கள் எழுதினால் இன்னும் நன்றாக எழுதுவீர்கள். நீங்கள் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு நாளும் தவளையின் வலது சீட்டில் உட்கார்ந்ததில்லை.

நம் சாலையில் இடது பக்க ஸ்டீரிங் என்றால், முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவருக்கு எதிரே எதுவும் தெரியாது. வலது சீட்டில் இருக்கிறவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு அதற்கென்று ஒரு பாஷை இருந்தது. வண்டி வந்தால் "ம்ஹும்". வழி இருந்தால், பஸ் கண்டக்டர் மாதிரி, "ரைட்". நான் "ரைட்" சொன்னால் நீங்கள் சந்தேகமே படாமல் மிதிப்பீர்கள். ஒரு தடவைகூட "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டதில்லை. மற்ற எதிலும் என் பேச்சைக் கேட்காத மனுஷன்!

சரி, நித்யா கதைக்கு வருகிறேன். புனேயிலிருந்து வந்தவள், வந்ததும் வராததுமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "தவளையைத்தான் வச்சுக்கணும்மா. அது அப்பாவோட உயிர். இன்னொண்ணைக் குடுத்துடலாம்." நான் யோசிக்க வேண்டும் என்றேன். "என்ன யோசனை? வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், நீயே சொல்லுவே" என்று சாவியை எடுத்துவிட்டாள்.

முடிச்சூர் சாலையில் போனோம். நடுவில் தடுப்பு கிடையாது, உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு தண்ணி லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். எதிரே தூரத்தில் ஒரு டவுன் பஸ், போதுமான இடைவெளி. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ரைட்."

அவள் லாரியைத் தாண்டினாள், அப்படியே வலது பக்கம் இருந்த சந்துக்குள் திருப்பினாள்.

பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. அவள் பயந்து காலை எடுத்தாள். பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, தவளை சாலைக்குக் குறுக்கே நின்றது. பஸ் எங்களுக்கு முன்னால், நான் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏம்மா, வூட்ல சொல்ட்டு வந்தியா?" யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தவளைக்கும் கீறல்கூட இல்லை, கவலைப்படாதீர்கள்.

"ரைட்ல திரும்புன்னு நீதானேம்மா சொன்னே?" என்றாள்.

"போகலாம்னு சொன்னேன்டி!"

"ரைட்னா எப்படிம்மா போகலாம்னு அர்த்தம்? மேப்ல ரைட்னா ரைட்தானே?"

அவளைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் பின்சீட்டில் மடங்கித் தூங்கிக்கொண்டே வந்தவள். நம் பாஷை அவள் காதில் எங்கே விழுந்திருக்கும்? வண்டியை ஓரம் கட்டி, ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். இளநீர்க் கடை நிழலில் நின்றுதான் அவளிடம் சொன்னேன்.

"நித்யா, இந்த வண்டியில உங்கப்பாகூட எத்தனையோ ஊர் போயிருக்கேன். மதுராந்தகம் போற வழியில என்ன மரம் இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. லாரி மூஞ்சிதான் தெரியும். அவருக்கு இது உலகத்திலேயே நல்ல வண்டி. எனக்கு இது டியூட்டி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதை அப்பாகிட்ட சொன்னியா?"

எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, டியூட்டி எனக்குக் கசக்கவுமில்லை. நீங்கள் கேட்டிருந்தால் மறுபடியும் ஏறி உட்கார்ந்திருப்பேன், இன்றைக்கும். ஆனால் உங்களுக்குச் செய்த டியூட்டியை இன்னொருவருக்குச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு அந்தச் சாலையில்தான் அது தெளிவாகத் தெரிந்தது.

தூங்குமூஞ்சி வேறு கதை. நான் கார் ஓட்டப் பழகியதே அதில்தான். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனபோது குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அதில்தான். இடது சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள். "கிளட்சு, கிளட்சு" என்று உயிரை வாங்குவீர்கள். பிறகு ஒரு நாள், பல்லாவரம் பக்கம் நெரிசலில் நிற்கும்போது, "இதுவும் நல்ல வண்டிதான், இல்ல?" என்றீர்கள். காரைச் சொன்னீர்களா, என்னைச் சொன்னீர்களா? கேட்டிருக்கலாம். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், நான் கியர் போட்டேன்.

ஆகவே, மலர்க்காரர்களே, என் தீர்ப்பு: ரசித்து ஓட்டுகிறவர் ஒருவரும் நம்பி வழி சொல்கிறவர் ஒருவரும் வீட்டில் இருந்தால் தவளை. தனியாகச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றால் தூங்குமூஞ்சி. நான் இப்போது தனி.

தவளையைக் கேட்டு ஈஞ்சம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏசி ஷெட் இருக்கிறதாம், கண்ணாடிக்குள் வைப்பாராம். "ஓட்டுவீங்களா?" என்றேன். "சேச்சே, இதைப் போய் ரோட்டுல எறக்குறதா?" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு பொத்தேரியில் காலேஜில் பாடம் எடுக்கிற தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஓட்டினாள், அவள் புருஷன் வலது சீட்டில். தெருவைச் சுற்றி வந்து இறங்கியவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "எதிர்ல வர்றது எல்லாம் என் மேலயே வர்ற மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவனைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

"முந்தும்போது நான் என்ன சொல்லணும் ஆன்ட்டி?" என்று அவன் கேட்டான். "என்ன வேணா சொல்லிக்கோப்பா. 'ரைட்'னு மட்டும் சொல்லாதே" என்றேன். மேப்புக் குழப்பம் வரும் என்று காரணமும் சொன்னேன். காரணம் அது மட்டுமில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு வந்து எடுத்துப்போனார்கள். நித்யா புனேயிலிருந்து வீடியோவில் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். கேட்டுக்கு வெளியே நின்று, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். கோபம்தான் முதலில் வந்தது, உங்கள் மேல். இரண்டு வண்டி வாங்கத் தெரிந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள் கூட இருக்கத் தெரியவில்லையே என்று.

மறுநாள் காலை தூங்குமூஞ்சியை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் வரைக்கும் தனியாகப் போய்வந்தேன். போகிற வழியெல்லாம் புளிய மரங்கள் நிற்குமென்று நினைத்திருந்தேன். சாலையை அகலப்படுத்தியதில் முக்கால்வாசியை வெட்டிவிட்டார்கள். சரி, மிச்சமிருந்ததையாவது பார்த்தேன்.

பெல்ட்டைக் காலாகாலத்தில் மாற்றுவேன். இந்த வண்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பது முதலிலிருந்தே என் வேலைதான். இப்போது ஸ்டீரிங்கும் என் கையில் இருக்கிறது. பார்த்துப் போய்க்கொள்வேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
வசந்தா