விளக்கெண்ணெய் குடித்த ஸ்பீக்கர்

தை 4, செவ்வாய்

விடியறதுக்குள்ள காத்து. கொட்டகைக் கீத்து ரெண்டு பறந்துபோய் சோளக்காட்டுல. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு சினிமாச் சாமானெல்லாம் மாட்டுவண்டியில வந்து சேந்துச்சு. ஸ்பீக்கர் மேல ஒண்ணும் வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். முதலாளியோட மச்சான் சின்னுச்சாமி அதுமேலயே பாத்திர மூட்டையை ஏத்தியிருக்கான். ஓட்டிப் பாத்தா கதாநாயகி வாயத் தொறந்ததும் கரகர. உள்ள கம்பிச்சுருள் காந்தத்துல உரசுது. நேராக்கினாத் தீந்துது. காத்தால பாத்துக்கலாம்.

தை 5

நாசமாப் போக. ஸ்பீக்கரோட காகிதக் கூம்பு முழுக்க விளக்கெண்ணெய்! சின்னுச்சாமி வேலை.

"ஏனுங்க ஆபரேட்டரே, வண்டி அச்சு கத்துச்சுன்னா எண்ணெய் விடறதில்லீங்களா? அதேதானுங்க."

பெருமை வேற. காகிதம் நமுத்த அப்பளமாத் தொங்குது. தொட்டேன், கிழிஞ்சுது.

முதலாளிகிட்டச் சொன்னா, "நல்லதுக்குத்தானப்பா பண்ணியிருக்கான். நாளன்னிக்கு சந்தைக்கூட்டம். சத்தம் வரலீன்னா நீ பொட்டியக் கட்டிக்க. மிசினை மச்சான் பாத்துக்குவான்."

மச்சான்! பிலிமைத் தலைகீழா மாட்டறவன். என் சம்சாரத்துக்கு ஒம்பதாம் மாசம், வடகரப்பதியில அம்மா ஊட்ல இருக்கறா. இப்ப வேலை போனா எங்க போறது.

தை 6

காத்து நிக்கல. புதுக் கூம்பு செய்யறேன். நோட்டீஸ் தாள் மெலிசு. துணிக்கடை அட்டை கனம். பள்ளிக்கூட வாத்தியார்கிட்டக் கெஞ்சி மை ஒத்தற தாள் வாங்கினேன். ஒட்டறதுக்கு பிலிம் பசை. சமையக்காரன் கஞ்சிப்பசை கொண்டாந்தான். எலிக்கு விருந்தா? போடான்னுட்டேன்.

சுருள் எங்கயும் உரசாம நடுவுல நிக்கோணும். பழைய போஸ்ட்கார்டைக் கீறிச் சுத்தி இடுக்குல சொருகினேன். காயற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரப்படாது.

சின்னுச்சாமி எட்டிப் பாத்தான். "ஒரு சொட்டு விட்டாச் சீக்கிரம் காயுமுங்க."

கையில திருப்புளி இருந்துச்சு. முருகா, பொறுமை குடு.

தை 7, சந்தை

போஸ்ட்கார்டுத் துண்டுகளை உருவினேன். விரலால அமுக்கிப் பாத்தேன். உரசல!

சாயங்காலம் படம். முதல் பாட்டே கணீர்னு. எருத்தேன்பதிக்காரர் ஒருத்தர், "அட, பக்கத்துல உக்காந்து பாடறாப்பல இருக்குதே!" எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

இடைவேளையில முதலாளி எந்திரிச்சாரு. "நம்ம மச்சான் எண்ணெய் விட்டு ஸ்பீக்கரோட தொண்டையத் தொறந்துட்டானுங்க!"

ஒரே கைதட்டு. அவனுக்கு மாலை.

மாலை! அந்த விளக்கெண்ணெய்க்கு!

நான்னு ஒருத்தன் மூணு நாளா அங்க இருந்ததே யாருக்கும் தெரியல. போகட்டும், வேலை தப்பிச்சுது. வாய மூடிக்கிட்டு இருக்கோணும்.

தை 8

காத்தால திரைத்துணிக்குப் பின்னால போனேன். சின்னுச்சாமி உக்காந்திருக்கான். கழுத்துல நேத்து மாலை, கையில எண்ணெய்ச் சொம்பு. என் கூம்பு பளபளன்னு நனைஞ்சு கெடக்குது.

"இன்னும் கணீர்னு வரட்டும்னுதானுங்க."

சொம்பைப் புடுங்கி அவன் தலையிலயே கவுத்தினேன். மீதி ஒரு சொட்டு விடல.

முதலாளி கத்தின கத்துக்கு ஸ்பீக்கரே வேண்டாம். வேலை போச்சு. பொட்டி கட்டியாச்சு.

வடகரப்பதிக்கு நடக்கோணும். அவகிட்ட எப்படிச் சொல்ல? மொதல்ல, அவன் மூக்கு நுனியில எண்ணெய் சொட்டினதைச் சொல்லோணும். அவ சிரிச்சதுக்கப்பறம் மீதி.