முதல் அங்கத்துப் பாட்டு

பாரிஸ், ஜனவரி 12, 1869

அன்புள்ள எர்மீன்,

சளி தேவலையா? பதில் போடமாட்டாய், ஆனாலும் கேட்கிறேன்.

என் இசைநாடகம் அடுத்த வாரம் புதன்கிழமை மேடையேறுகிறது. குடும்பப் பெயரை நாடகச் சுவரொட்டியில் போட்டுவிட்டேன் என்று பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும்.

அதில் ஒரு பாட்டு நம் மகள் ஓடிலுடையது. குழந்தையை அடக்கம் செய்த அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்றுதானே பிரிந்து போனாய்? நாலு பேர் பார்க்க அழக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். அழ வேண்டியதையெல்லாம் அந்தப் பாட்டில் அழுதிருக்கிறேன். ஒருமுறை வந்து கேள்.

உன்,
அடேமார்

—

தங்கை வீடு, பாரிஸ், ஜனவரி 21

அடேமார் அவர்களுக்கு,

வந்தேன். வழக்கம்போல விருந்து முடிந்து தங்கை குடும்பத்தோடு அரங்கின் தனி மாடத்தில் போய் உட்கார்ந்தபோது இரண்டாம் அங்கம். குட்டைப் பாவாடைப் பெண்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு சண்டை, ஒரு கல்யாணம். என் குழந்தை எங்கே?

"உங்க வீட்டுக்காரருக்கு ரசனை ஜாஸ்திதான்!" என்று தங்கை கணவர் கண்ணடித்தார். கூசிப்போனேன். என்னை வரவழைக்க ஓடிலின் பெயர்தானா கிடைத்தது? சனிக்கிழமை ஊர் திரும்புகிறேன். இனி எழுத வேண்டாம்.

எர்மீன்

—

ஜனவரி 21, மாலை

எர்மீன்,

பாட்டு முதல் அங்கத்தில் வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டது என் முட்டாள்தனம். அரங்க மேலாளர் ஒத்திகையின்போதே தலையில் அடித்துக்கொண்டார்: "பிரபுவே, உங்க ஆளுங்க சாப்ட்டு முடிச்சு நடனத்துக்குத்தான் வருவாங்க. பாட்ட மூணாவது அங்கத்துக்குத் தள்ளுங்க."

குழந்தை போன பிறகுதான் கதையே தொடங்குகிறது. அதை எங்கே தள்ளுவது? நாளை மறுபடி நடக்கிறது. உன் விருப்பம். இனி தொந்தரவு செய்யமாட்டேன்.

அடேமார்

—

ஜனவரி 23, காலை

என் அன்புக்குரியவரே,

நேற்று விருந்தில் பாதியிலேயே எழுந்துவிட்டேன். மாடத்தில் தனியாக உட்கார்ந்தால் ஊர் வாய்க்கு அவல். அதனால் ஏழைகள் உட்காரும் உச்சி மாடிப் பலகைக்கு ஏறினேன். பக்கத்தில் ஒரு சலவைக்காரி, மடி நிறைய ஆரஞ்சுத் தோல்.

அந்தத் தாய் குழந்தையின் ஈரச் செருப்பை அடுப்பருகே காயவைத்துவிட்டுப் பாடுகிறாளே, அன்று நான் செய்ததை நீங்கள் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்? யாரும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்தேன்.

சலவைக்காரி தேம்பிக்கொண்டே சொன்னாள்: "இத எழுதினது ஒரு பிரபுவாம்! அவனுங்களுக்கு அழத் தெரியுமா? எவனோ பாவப்பட்டவன்கிட்ட எழுதி வாங்கியிருப்பான்."

எனக்கு வந்ததே கோபம்! "இல்ல, அவரேதான் எழுதினாரு. எனக்குத் தெரியும். நான் அவர் சம்சாரம்!" என்று கத்திவிட்டேன். மாடியே திரும்பிப் பார்த்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இங்க ஒக்காந்து என்னம்மா பண்ற? வீட்டுக்குப் போ."

இன்று மாலை வருகிறேன். பணியாளை அனுப்பாதீர்கள். கதவை நீங்களே திறங்கள்.

உங்கள்,
எர்மீன்