முதுகு வலி என்று சொன்ன திங்கட்கிழமைகள்

அன்புள்ள அண்ணா,

போன திங்கட்கிழமை மஞ்சூர் பஸ்ஸில் என் மானம் போயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே ஒரு கல்யாணம். நம் ஸ்டுடியோவை இப்போது என் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் சும்மா இருந்தவனை, "ஒரு ஆள் குறையுதுப்பா" என்று காமிராவைக் கையில் கொடுத்துக் கூட்டிப் போனாள். குன்னூருக்குத் திரும்பும் வழியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். தூக்கத்தில், பக்கத்து வரிசையில் கோஸ் மூட்டையோடு இருந்த அம்மாவைப் பார்த்து, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. அப்படியே இருங்க. மூச்சு விடாதீங்க" என்று உரக்கச் சொல்லியிருக்கிறேன். கண்டக்டர் சிரித்த சிரிப்பில்தான் விழித்தேன்.

"அப்பா, படம் எடுத்தாச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. பாவம், இன்னும் மூச்சு விடல" என்றாள் மகள்.

அந்தம்மா கோபிக்கவில்லை. "அசதியாட்ட இருக்குதுங்க. நெத்தியில கொஞ்சம் தடவிக்குங்க" என்று நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்து நீட்டினார்கள். அந்த வாசனை வந்ததும் நீங்களும் வந்துவிட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கத்தில் திரும்புகிறேன் என்று மகள் நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

எத்தனை முகூர்த்தங்கள் அண்ணா. சனிக்கிழமை மாலை ரிசப்ஷன், ஞாயிறு விடிவதற்குள் முகூர்த்தம், மத்தியானம் பந்தி, பெண்ணை அழைத்துப் போகும்வரை நின்ற கால் நின்றபடி. திங்கட்கிழமை காலையில் ஈரமேறிய காமிராவையும் லென்ஸையும் துடைத்து, உள்ளே பல்பு எரியும் மர அலமாரியில் அடுக்குவீர்கள். மலைக் காற்றில் அப்படிக் காயவைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்ட பிறகு, செவ்வாய்க்கிழமை வரை மந்திரியே வந்தாலும் திறக்க மாட்டீர்கள். பாஸ்போர்ட் படத்துக்கு யாராவது கதவைத் தட்டினால், உள்ளே இருந்தபடியே சொல்வீர்கள்: "காமிரா தூங்குதுங்க. நாளைக்கு வாங்க."

கடைக்குப் பின்னால் இரண்டு அண்டாவில் உப்புப் போட்ட வெந்நீர். ஆளுக்கொன்றில் முழங்கால் வரை இறக்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அண்ணி அரிசியும் பருப்பும் போட்ட சோறு ஆக்கிக்கொண்டு வந்து, நம் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எருமையும் இன்னும் தண்ணிய விட்டு ஏறலீங்களா?" என்பார்கள். அந்தச் சோறு தொண்டையில் இறங்கும்போதே தூக்கம் வந்துவிடும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் ஒரு புதன்கிழமை கோயமுத்தூர் லேப்பிலிருந்து பிரிண்ட் கட்டு வந்தது. நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். நான் பிரித்தேன். இத்தலார் கிராமத்துக் கல்யாணம். தாலி கட்டும் நேரம் நீங்கள் எடுத்த மூன்று படங்களும் அசைந்திருந்தன. மாப்பிள்ளைக்கு நான்கு கை இருப்பதுபோல ஒரு படம். கொஞ்ச நாளாகவே உங்கள் டம்ளர் சாஸரில் கிடுகிடுப்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் படத்தில் பார்க்கும் வரை நம்பவில்லை. மூன்றையும் சட்டைக்குள் மறைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் நின்று நான் எடுத்ததை ஆல்பத்தில் ஒட்டினேன். உங்களுக்குப் பிடித்த வேலை தாலி கட்டும் படம். கை ஆடுகிறது என்று ஊரில் ஒருவர் வாயில் வந்தால் போதும், அப்புறம் உங்களை யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பத்தாவதைத் தாண்டாத மூளைக்கு என்ன தோன்றும்? இன்னொரு நாள் ஓய்ந்தால் உங்கள் கை நிற்கும் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை எனக்கு முதுகு வலி என்று சொன்னேன்.

"திங்களோட செவ்வாயும் படுத்தாத்தான் ஆகுங்கண்ணா. இல்லீன்னா நிமிர முடியல."

"கல்லாட்டம் இருக்கறீங்க. உங்களுக்கென்னங்க முதுகு வலி?" என்றீர்கள். ஆனால் அன்றைக்கே செவ்வாய்க்கும் அலமாரியைப் பூட்டினீர்கள். எனக்காகத்தான். உங்களுக்காக என்றால் பூட்டியிருக்க மாட்டீர்கள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. தைலப் புட்டியோடு வந்து, "சட்டையக் கழட்டுங்க தம்பி" என்றீர்கள். ஒரு குறையும் இல்லாத முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறப் படுத்து முனகினேன். நன்றாகவே முனகினேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"போன வாரம் எடப்பக்கம்னீங்க. இப்ப வலப்பக்கம் துள்றீங்க."

"இடம் மாறுதுங்கண்ணா."

"மாறும் மாறும். உங்க வலி சேரம்பாடி வரைக்கும் டூர் போயிட்டு வரும் போலிருக்குது."

ஓய்வு கிடைத்த பிறகு மேடையில் படங்கள் கொஞ்சம் தெளிந்தன. எல்லாம் அல்ல. தெளியாததை நான் முதலில் பார்த்து எடுத்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படி ஓடியது. அதற்கடுத்த மழைக்காலத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். கடைசி முகூர்த்தம் வரைக்கும் மேடையில் உங்களுக்கு இடம் இருந்தது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இன்றைக்கும் நம் கடை திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். ஏனென்று மகள் கேட்டால், அண்ணன் போட்ட சட்டம் என்று உங்கள் தலையில் கட்டிவிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது அண்ணா. வெளியே மஞ்சு இறங்கி எதிர்க் கடை தெரியவில்லை. நீங்கள் தோளில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் தைலத்தை ஒரே இழுப்பாக இழுத்தீர்கள். கொஞ்சங்கூட அலையாத நேர்கோடு. மறுபடி இழுத்தீர்கள். மறுபடியும் அப்படியே. நான் முனகுவதை மறந்துவிட்டேன்.

"என்னங்க சத்தத்தையே காணோம்? வலி போயிருச்சுங்களா?" என்று கேட்டீர்கள்.

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன் என்றாகிவிடும். "இன்னும் கொஞ்சம் கீழங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

உங்க கை இன்னைக்கு நடுங்கலீங்கண்ணா. அன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.