மேஜைமேல் வைத்த வேப்பிலை

மஸ்கட், 1997

நம் தாஹிராவின் அம்மாவுக்கு,

சலாம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முகத்துத் தழும்புகளைப் பார்த்து அறையில் எல்லோரும் விசாரித்தார்கள்.

விமானத்துக்கு முதல் நாள் எனக்கு அம்மை போட்டதும், டிக்கெட் தேதியை மாற்றத் தனியாகத் திண்டிவனம் டிராவல்ஸுக்குப் போனாயே, அங்கே நடந்ததை நீ சொல்லவேயில்லை. "தேதி மாத்திக் குடுத்துட்டாங்க" என்றாய். கஞ்சி வைக்கப் போய்விட்டாய். அந்த டிக்கெட் வீணாகியிருந்தால் விசாவும் போயிருக்கும்.

கிளம்பும்போது டிராவல்ஸ்காரரே சொன்னார்: "கடைசி நேரத்துல முடியாதும்மான்னேன் பாய். வீட்டு வாசல்ல கட்டினதுன்னு ஒரு கொத்து வேப்பிலையைப் பையிலேர்ந்து எடுத்து மேஜைமேல வச்சாங்க. 'வீட்ல அம்மை. அவரைக் கூட்டிக்கினு வந்து இங்கயே உக்கார வைக்கட்டுமா?'ன்னாங்க. ஜல்தியா தேதி மாத்த போனை எடுத்துட்டேன்."

ரேஷன் கடைக்குக்கூட என் தங்கையைத் துணைக்கு அழைக்கும் நீயா! விமானத்தில் கீழே கடல் தெரிந்தது. நான் உன்னை நினைத்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வருடமாக எல்லாக் கடிதத்தையும் 'தனியாக இருக்கிறாய், பயப்படாதே' என்றுதான் முடிப்பேன். இன்றும் அதை எழுதப் போனேன். வெட்கமாக இருந்தது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்