அப்பா உட்கார்ந்த மாதிரி

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

ஊரே உன்கிட்ட தலையைக் குடுக்குது, நீ அக்காவுக்கு ஒரு வரி எழுத மாட்டேங்கிற. போகட்டும்.

மூணு மாசம் முன்னாடி கரும்பலகையில கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு, "டீச்சர், உங்க கண்ணு மஞ்சளா இருக்கு"ன்னா. வலி இல்லை, அரிப்பு மட்டும். ஸ்கேன்ல கணையத்துல கட்டின்னு தெரிஞ்சது, புற்று. அந்த உறுப்பு வயித்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிறதால ஆரம்பத்துல எதுவும் காட்டாதாம். கட்டி பித்தக்குழாயை நெரிச்சதுதான் மஞ்சளுக்குக் காரணம். உள்ளே சின்னக் குழாய் வச்சாங்க, கண்ணு வெளுத்துடுச்சு. ஆனா ஈரலுக்குப் பரவிட்டதால அறுவை சிகிச்சை கிடையாது. மருந்து ஏத்துறாங்க.

இன்னொண்ணு, சிரிக்காதே. நேத்து எதிர்வீட்டு அம்மா கேட்டாங்க: "யாரோ பெரியவர் வந்திருக்காரே, சாயங்காலமெல்லாம் ஜன்னலோரம் குனிஞ்சே உட்கார்ந்திருக்காரே?"

நம்ம வீட்டுக்கு யாரும் வரலைடா.

உன் அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

படிச்சதும் சலூனைச் சாத்திட்டேன். மூணு மாசமா மறைச்சிருக்கியே, நான் என்ன அந்நியனா?

அந்தப் பெரியவர் எப்படி உட்கார்ந்திருந்தாராம்? நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தலைகாணியைக் கட்டிக்கிட்டா? அப்பா கடைசியில அப்படித்தானே உட்காருவார். காமாலைன்னுதானே அப்ப சொன்னாங்க?

எனக்குச் சிரிப்பு வரலை. போன வாரம் கடைசி ஆளுக்குக் கழுத்துமுடியைத் தட்டி அனுப்பிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடியில அப்பா நின்னார். என் சட்டையைப் போட்டிருந்தார்.

உன் தம்பி


மார்ச் 6

வாலு,

ஜன்னலோரம் இருந்தது நான்தான். முதுகுவலிக்கு முன்னால குனிஞ்சாத்தான் கொஞ்சம் அடங்குது. முடியெல்லாம் கொட்டின தலை, தூரத்துல கிழவர் மாதிரி தெரிஞ்சிருக்கும். இதை அந்த அம்மாகிட்டயும் சொன்னேன். "செவ்வாய்க்கிழமையும் பார்த்தேனே"ன்னாங்க. செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், உன் மாமாவும் கூட இருந்தார். வீடு பூட்டியிருந்தது.

அது கிடக்கட்டும். உன் கண்ணாடியில நின்னது அப்பா இல்லை, நீ. அவர் மாதிரி தெரியுற அளவுக்கு எவ்வளவு இளைச்சிருக்கே? அப்பாவைப் பத்திச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வச்சுட்டார். அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்னு சந்தேகப்படுறார். ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்குன்னா கூடப் பிறந்தவங்களும் பார்த்துக்கணுமாம். திடீர்னு சர்க்கரை, காரணமில்லாத இளைப்பு, இதெல்லாம் கூட அறிகுறியா இருக்கலாமாம். நாளைக்கே போ. சாக்கு சொன்னே, தோலை உரிச்சிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

போனேன். சர்க்கரை புதுசா வந்திருக்கு. வாய்வழியா குழாய் விட்டு, ஊசியால சதை எடுத்துப் பார்த்தாங்க. எனக்கும் இருக்கு. கணையத்தோட வால் பக்கத்துலயாம். வாலுக்கு வால்லயே கட்டி, பொருத்தமா இல்லை?

சின்னதுதான், பரவலை. அறுத்து எடுத்துட்டு அப்புறம் மருந்து ஏத்தலாம்னாங்க. "பெரும்பாலும் இவ்வளவு சீக்கிரம் சிக்காது, யார் அனுப்பினாங்க?"ன்னு டாக்டர் கேட்டார். "எங்க அக்கா"ன்னேன்.

முதல்ல உன்னைப் பார்க்க வர்றேன். அறுவை காத்திருக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 13

என் செல்ல வாலுக்கு,

வராதே.

மருந்துக்குக் கட்டி மசியலை, உடம்பும் தாங்கலை. நிறுத்திட்டோம். வலிக்கு மட்டும் குடுக்கிறாங்க, அது போதும். நீ வந்தா நான் பிழைக்கப் போறதில்லை. வராட்டா நீ பிழைப்பே. கணக்கு டீச்சர் சொல்றேன், கேளு.

அவர் இன்னும் ஜன்னலோரம்தான். இப்ப எனக்கும் தெரியுது. வலிமருந்தால இப்படித் தோணலாம்னு நர்ஸ் சொல்றாங்க. இருக்கலாம். பயமெல்லாம் விட்டுப்போச்சு. அவருக்கு இடம் விட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துக்கிறேன்.

அக்கா


மே 11

அக்கா,

அறுவை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டேன். வாலை நறுக்கிட்டாங்க, மண்ணீரலும் சேர்த்து. வெட்டின ஓரத்துல புற்று இல்லையாம். அடுத்த மாசம் மருந்து தொடங்கும். நேத்து தெருமுனை வரைக்கும் நடந்தேன்.

போன் பண்ணேன். மாமாதான் எடுத்தார். "தூங்குறா"ன்னார். எழுப்ப வேண்டாம்னேன். எழுப்பட்டுமான்னு அவரும் கேட்கலை. அவருக்குப் பின்னால வீடு நிறைய ஆளுங்க சத்தம் கேட்டது.

மேல எதுவும் நான் கேட்டுக்கலை அக்கா. இதை எழுந்ததும் படி.

உன் வாலு