இடது பின்பக்கம் தெரியாத கப்பல்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌகரியம்தான், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டும் பிரித்தாகிவிட்டது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அதனால் சுவரில் இருக்கும் விரிசல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், இத்தனை வருஷமாக இந்த வீட்டிலா குடியிருந்தோம் என்று கேட்கிறார். மாடியில் குடியிருந்த பல் டாக்டர் காலி செய்துவிட்டார், போகும்போது தண்ணீர்க் குழாயின் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன், தையல் மிஷினை மட்டும் அங்கே தள்ளியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா வீட்டு அத்தை உன்னிடம் பேசியிருக்கிறாள் என்பது நீ கேட்ட விதத்திலேயே தெரிந்தது. கூடப் பிறந்த தம்பியை, உன் மாமாவை, விசாரணையில் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் நீ கப்பல் கட்டுவதற்குப் படம் வரைகிறவள், உனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

வந்தது ஒரு வெளிநாட்டுக் கடற்படையின் தரையிறக்கக் கப்பல். மேலே ஹெலிகாப்டர் இறங்குகிற மொட்டைத் தளம், உள்ளே வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு நிரப்பிக்கொள்கிற தொட்டி, அதற்குள் தட்டையான தரையிறங்கு படகுகள், பின்னால் ஒரு பெரிய கதவு. உனக்குத் தெரியாததையா சொல்கிறேன். நட்புமுறைப் பயணம் என்று சொன்னார்கள், ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிற பைலட் வேலை அன்றைக்கு என் முறை. பின்னால் வடம் கட்டிப் பிடிக்கிற இழுவைப் படகு மாமா ஓட்டுவது. காற்று ஏறும்போல் இருந்தது, அந்தக் கப்பலின் பக்கச் சுவர் ஒரு நாலு மாடிக் கட்டிடம் மாதிரி, காற்றுக்கு அது பாய்தான். அதனால் பின்னால் இரண்டு இழுவைப் படகு வேண்டும் என்று ஆபீஸில் கேட்டேன். இன்னொன்று பழுது பார்க்கப் போயிருக்கிறது, ஒன்றை வைத்துச் சமாளியுங்கள் என்றார்கள். சரி என்று கிளம்பினேன்.

பைலட் படகில் நான் வெளிக்கடலுக்குப் போகும்போது மாமாவின் படகைக் கிட்டத்தில் கடந்து போனோம். என்ஜின் அறைக் கதவைத் திறந்து கொக்கி போட்டு மாட்டி வைத்திருந்தான். உள்ளே அடுப்பு மாதிரி வேகும், யாரும் அதைத் திறந்துதான் வைப்பார்கள், ஆனால் வடம் கட்டி இழுக்கப் போகிறபோது மூடியாக வேண்டும். நான் கையைக் காட்டி மூடச் சொல்லிக் கத்தினேன். அவன் ஆகட்டும் என்று கையை ஆட்டினான். எங்கள் படகோட்டி என்ஜின் சத்தத்தில் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை. அப்புறம் நான் கயிற்றேணியில் ஏறிக் கப்பலுக்குள் போய்விட்டேன்.

அந்தக் கப்பலின் காப்டன் நிதானமான மனுஷன். நான் ஏறியதும் கை கொடுத்தார், ஒரு பெண் வந்திருக்கிறாளே என்று முகத்தைத் தூக்கவில்லை. ஒரே ஒரு சங்கடம், அந்த மாதிரிக் கப்பலில் நாங்கள் நின்று கப்பலைச் செலுத்துகிற பிரிட்ஜ் வலது ஓரத்தில் இருக்கிறது, தளம் முழுக்க இடது பக்கம் அகலமாக நீண்டு கிடக்கிறது. இடது பின்பக்கத்தில், தண்ணீர் மட்டத்தில், ஓர் இழுவைப் படகு என்ன பாடு படுகிறது என்று அங்கே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. அதனால் பின்தளத்தில் ஓர் அதிகாரியை வாக்கி-டாக்கியோடு நிறுத்தினார்கள், அவர் கண்ணை வைத்துத்தான் நான் பார்க்க வேண்டும். வாகனங்களையும் கயிறு பிடிக்கிற ஆட்களையும் கரைக்கு அனுப்ப ஒரு தரையிறங்கு படகை வெளிக்கடலிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள், அது இறக்கிவிட்டுத் திரும்பி எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அது அங்கே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இடது பக்கமிருந்து காற்று ஒரேயடியாக அடித்தது. கப்பல் பக்கவாட்டில் வலது பக்கம் நகர ஆரம்பித்தது, அந்தப் பக்கம் கப்பல் அணைக்க இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய கான்கிரீட் ஜெட்டி. மாமாவை இடது பக்கம் இழுக்கச் சொன்னேன், அவனும் முழு பலத்தில் இழுத்தான். அது போதவில்லை. கப்பல் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும், காப்டன் என்ஜினை முன்னுக்குத் தள்ளச் சொன்னார், நானே அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பேன். கப்பல் முன்னால் பாய்ந்தது. வடம் மாமாவின் படகைப் பின்பக்கமாக இழுக்காமல் குறுக்கே பிடித்து இழுத்தது. அப்படி இழுத்தால் இழுவைப் படகு கவிழும், அவ்வளவுதான் விஷயம். வாக்கியில் அவன் குரல் வந்தது. கத்தவில்லை, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் பதில் சொல்வானே, அந்தக் குரல்தான். “அக்கா, சாயுது. கொக்கி விட மாட்டேங்குது” என்றான். வடத்தை உதறிவிடுகிற கொக்கி அவனிடம் இருக்கிறது, அது சிக்கிக்கொண்டது.

என்ஜினை நிறுத்துங்கள், வலது நங்கூரத்தைப் போடுங்கள் என்று காப்டனிடம் சொன்னேன். நிறுத்தினால் ஜெட்டியில் இடிப்போம் என்றார். ஆமாம் இடிப்போம், அங்கே யாரும் இல்லை, இந்தப் பக்கம் நாலு பேர் இருக்கிறார்கள் என்றேன். பைலட் சொல்வது யோசனைதான், ஆணை காப்டனுடையது, அது உனக்குத் தெரியும். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு திரும்பி அதே வார்த்தையை ஆணையாகச் சொன்னார். இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது, பைலட் சொன்னதால் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. கப்பல் ஜெட்டியில் உரசிக்கொண்டு நின்றது, பாத்திரக் கடையில் அலமாரி சரிந்த மாதிரி சத்தம். வலப்பக்கத் தகடு நல்ல நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. வடம் தளர்ந்ததும் பின்தள அதிகாரி கப்பல் பக்கத்து முனையைக் கழற்றிக் கடலில் போட்டார்.

வடம் விட்டதும் படகு நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. சாய்ந்தபோது திறந்திருந்த கதவு வழியாகத் தண்ணீர் என்ஜின் அறைக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பேர் கடலில் குதித்தார்கள். உள்ளே என்ஜின்காரர் இருந்தார், நாம் கிரீஸ் என்று கூப்பிடுவோமே, உன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையே, அவர்தான். மாமா குதிக்காமல் உள்ளே போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான், வரும்போது தோள்மூட்டு இறங்கிவிட்டது. அதற்குள் அந்தத் தரையிறங்கு படகு வந்து முன்பக்கக் கதவைத் தண்ணீர் மட்டத்துக்குச் சரித்துவிட்டது, மணலில் வண்டிகள் இறங்குகிற அந்தச் சரிவுப் பலகையில் நாலு பேரையும் மீனை அள்ளிப் போடுகிற மாதிரி இழுத்துப் போட்டார்கள். இவ்வளவும் பின்தள அதிகாரி எனக்கு வாக்கியில் சொல்லிச் சொல்லித்தான் தெரியும். நான் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது வெறும் தளம், அதில் ஒரு ஹெலிகாப்டர், ஒருவன் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நீ இந்த மாதிரிக் கப்பலுக்குப் படம் போடும்போது இடது பின்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கேமராவுக்கு இடம் ஒதுக்கச் சொல்லு. செலவு என்பார்கள், அதற்கெல்லாம் மசியாதே.

படகு சாயங்காலம் மூழ்கியது, பிறகு கிரேன் வைத்து எடுத்தார்கள். கதவு கொக்கியோடு அப்படியே திறந்திருந்தது. ஆனால் தண்ணீரின் வேகத்தில் கதவு தானே திறந்து கொக்கியில் மாட்டியிருக்கலாம் என்று மாமாவின் தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒரு வாதம் கண்டுபிடித்தார்கள். அதனால் விசாரணையில் எல்லாம் அந்தக் கதவில் வந்து நின்றது. அது முன்கூட்டியே திறந்திருந்ததைப் பார்த்த வெளியாள் நான் ஒருத்திதான்.

விசாரணைக்கு முந்தின நாள் அத்தை வந்தாள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சமையலறையில் வந்து உட்கார்ந்தாள், டீ போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. “அண்ணி, பொய் சொல்லச் சொல்லலை. சரியா பார்க்கலைன்னு சொல்லுங்க, அது போதும்” என்றாள். அவனுக்கு வேறு வேலை தெரியாது என்றாள், பையன் படிப்பைச் சொன்னாள். கேட்டால் பார்த்ததைத்தான் சொல்வேன் என்றேன். வேறு மாதிரி, கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு அப்படி வருவதில்லை, அது உனக்கே தெரியும். அவள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள், அவனைக் காலையில், என்னை மத்தியானம். இடையில் பார்க்க விடவில்லை. தலைவர் ஒரு வயதான காப்டன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். கதவு திறந்திருந்ததைப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன், கொக்கி போட்டிருந்தது என்றேன். நான் மூடச் சொன்னதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது தெரிந்தால் மறதி என்பது போய், எச்சரித்தும் கேட்காதவன் என்று ஆகிவிடும். இவ்வளவுதானே என்று எழுந்திருக்கப் போனேன். உட்காருங்கள் என்றார். “காலையில உங்க தம்பி சொன்னாரு. கதவு திறந்துதான் இருந்துச்சாம். படகுல போறப்ப நீங்க மூடச் சொன்னீங்களாம், அவரு சரின்னுட்டு மறந்துட்டாராம். உண்மையா?” என்று கேட்டார். உண்மைதான் என்றேன். அதை நீங்கள் ஏன் சொல்லவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொள்ளாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உன்னிடமும் வந்தாளா என்றான். வந்தாள் என்றேன். மூடியிருந்தேன் என்று சொல்லச் சொன்னாளாம் அவனிடம். அப்படிச் சொல்லியிருந்தால் உன்னை என்ன செய்திருக்க முடியும் என்று நானே கேட்டுவிட்டேன். “கிரீஸை இழுத்துட்டு வர்றப்ப தண்ணி அந்தக் கதவு வழியாத்தான் உள்ள கொட்டுச்சு. அதுக்குள்ள தலையை விட்டுத்தான் நான் வெளிய வந்தேன். அப்புறம் எப்படிக்கா மூடியிருந்தேன்னு சொல்றது” என்றான். அவன் செருப்பை ஒரு கையால் மாட்ட முடியவில்லை, நான் குனிந்து மாட்டிவிட்டேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. மாமாவின் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள், அதுவரை கயிற்றுக் கிடங்கில் கரை வேலை. ஒரே படகைக் கொடுத்ததற்கு ஆபீஸையும் ஒரு வரி கண்டித்திருக்கிறார்கள். கப்பலை இடிக்க விட்டது சரி என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள், நான் வழக்கம்போல வேலைக்குப் போகிறேன். கிரீஸ் மறுபடி படகில் ஏற மாட்டேன் என்றுவிட்டார், தெருமுனையில் மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் பார்க்கிறார், தொழில் பரவாயில்லை என்றார். மாமா ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறான், தனியாக வருகிறான்.

அத்தை போன் எடுப்பதில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டி எழுதினேன் பாப்பா. அவள் உன்னிடம் மறுபடி பேசுவாள், என்னைப் பற்றி என்ன சொன்னாலும் மறுக்காதே, என் பக்கம் பேசாதே, மாமாவே ஒப்புக்கொண்டாரே என்று நியாயம் எடுக்காதே. அன்றைக்கு ஊரோடு சேர்ந்து அவளும் கப்பல் பார்க்க வந்திருந்தாள், கூட்டத்தில் முன்வரிசையில் நின்றிருக்கிறாள். நான் கப்பலுக்குள் இருந்தேன், அவன் தண்ணீரில் இருந்தான், இரண்டு பேருக்கும் கையில் வேலை இருந்தது. நம் வீட்டில் படகு கவிழ்வதை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், பார்ப்பதைத் தவிர அவளுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. அந்தக் கோபம் யார் மேலாவது இறங்கித்தான் ஆக வேண்டும், என் மேல் இறங்கட்டும், நான் தாங்குவேன். அவள் பேசினால் நீ கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லு. இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, மனம் ஒத்து, நன்றாக இருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அத்தைக்குப் போன் செய், நான் சொன்னதாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா